மருத்துவச்சிக்கு யார் ஜாமீன்?

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் தறியையோ வயலையோ சேர்ந்ததாக முதற்பார்வைக்குத் தோன்றாது. அது பிரசவத்தைப் பற்றியது. அதிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் வீட்டிலேயே பிள்ளை பெற விரும்பும் பெண்களைப் பற்றியது. கூட்டுறவுப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அவ்விரு தேசங்களிலும் ஐம்பது ஆண்டுகளாக நடந்து வந்துள்ள வழக்கைத் தோண்டிப் பார்த்தால், அதன் அடியில் கிடப்பது வைத்தியத்தைவிடக் கணக்கே என்பது புலப்படும். பலர் பணம் போட்டு ஒருவருடைய நஷ்டத்தைத் தாங்கும் ஏற்பாடு எத்தனை பேர் இருந்தால் நிற்கும், எத்தனை பேருக்குக் குறைந்தால் சரியும் என்ற கேள்வி மாட்டு இன்ஷூரன்ஸும் பயிர் இன்ஷூரன்ஸும் அறிந்த நமக்குப் புதிதன்று. அந்தக் கேள்வியே அங்கே ஒரு பெண் தன் வீட்டில் பிள்ளை பெறலாமா, கூடாதா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

வீட்டுப் பிரசவம் என்றதும் நம்மிற் பலருக்குப் பழைய நாளைய காட்சி ஒன்று நினைவுக்கு வரும். பாதையற்ற ஊர், இருட்டறை, பயிற்சியற்ற கைகள், தாயும் சேயும் பிழைத்தால் குலதெய்வத்தின் அருள். நாம் இங்குப் பேசுவது வேறு. ஆஸ்திரேலியாவில் மருத்துவச்சி என்பவர் பல்கலைக்கழகத்தில் பயின்று, தேசப் பதிவேட்டில் பெயர் பதிந்தவர். ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இராமல் தாமே தொழில் நடத்துபவரைத் தனி மருத்துவச்சி எனலாம். கர்ப்பம் உறுதியானதும் ஒரு பெண் அவரை அமர்த்திக்கொள்கிறாள். மாதங்கள் செல்லச் செல்ல அவர் அடிக்கடி வந்து பார்க்கிறார். வலி கண்டதும் பெட்டியுடன் வந்துவிடுகிறார். பிராணவாயு, மூச்சுத் திணறும் சிசுவுக்குக் காற்றூட்டும் பை, இரத்தப் பெருக்கை நிறுத்தும் ஊசி மருந்து ஆகியவை அதில் இருக்கும். பிறக்கும் வேளைக்கு இன்னொருவரும் துணைக்கு வருவார். குழந்தை பிறந்த பின்னும் சில வாரங்கள் அதே மருத்துவச்சி தாயையும் சேயையும் கவனிப்பார். இதற்கெல்லாம் கட்டணம் சில ஆயிரம் டாலர். அதில் பெரும்பகுதியைக் குடும்பமே தர வேண்டும்.

இவ்வாறு பெறுவோர் மிகச் சிலர். ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பிறக்கும் அத்தேசத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட வீட்டில் பிறப்பதில்லை. செல்வச் செழிப்புள்ள நாட்டில், நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்க, இந்தச் சிறுபான்மையினர் வீட்டை நாடுவானேன்?

அவர்கள் கூறும் காரணங்களில் முதலாவது முகம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதே. பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் வேறு வேறு ஆட்கள். பிரசவ அறையிலும் வேளைக்கு வேளை ஆள் மாறுவர். தன் சரித்திரத்தை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது மாதமும் கூட வந்த ஒருவரே அந்த வேளையிலும் கை கொடுப்பதென்பது தனி மருத்துவச்சியிடம் கிடைப்பது. சர்க்கார் ஏற்பாட்டில் எல்லோருக்கும் எளிதிற் கிடைப்பதன்று. முதற்பிரசவத்தில் தன்னைக் கேளாமலே செய்யப்பட்ட காரியங்களால் மனம் புண்பட்டு, இரண்டாவதற்கு வீட்டை நாடும் பெண்களும் உண்டு. இவர்களை ஆஸ்பத்திரியின் விரோதிகள் என்று எண்ணிவிடுதல் எளிது, அது நியாயமன்று. ஆஸ்பத்திரி தரத் தவறிய ஒன்றை அவர்கள் வேறிடத்தில் விலை கொடுத்து வாங்குகின்றனர்.

தூரமும் ஒரு காரணம். சிற்றூர்களிலிருந்த பிரசவ விடுதிகள் பல மூடப்பட்டுவிட்டமையால், கோதுமையும் ஆடும் வளர்க்கும் பிரதேசங்களில் வாழும் பெண்கள் வெகுதூரம் வண்டியோட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. வடக்குப் பிரதேசத்தின் ஒதுங்கிய குடியிருப்புகளில் வாழும் ஆதிகுடிப் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. தேதிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அவர்கள் நகரத்துக்கு அனுப்பப்பட்டு, சுற்றத்தாரைப் பிரிந்து விடுதிகளில் காத்திருக்கின்றனர். தம் மண்ணிலேயே, தம் மூத்த பெண்டிர் சூழப் பிள்ளை பெற வேண்டும் என்ற இயக்கம் அவர்களிடையே வலுத்து வருகிறது. அது தனியே எழுதத் தகுந்த விஷயம். இங்கே குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அபாயம் எவ்வளவு?

இக்கேள்வியைத் தாண்டிச் செல்லுதல் நேர்மையாகாது. 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் வெளியாயின. உடலில் வேறு சிக்கல் இல்லாத 64,000-க்கு மேற்பட்ட பெண்களின் பிரசவங்களை, எங்கே பெற எண்ணியிருந்தனர் என்ற முறையில் பிரித்துப் பார்த்தனர். முன்பே பிள்ளை பெற்றவர்களைப் பொறுத்தவரை, வீட்டை எண்ணியவர்களின் குழந்தைகளுக்கும் ஆஸ்பத்திரியை எண்ணியவர்களின் குழந்தைகளுக்கும் நேர்ந்த கேடுகளில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. தலைச்சன் பிரசவத்தில் வேற்றுமை இருந்தது. ஆஸ்பத்திரியை எண்ணியவர்களிடையே 1,000-க்கு 5.3 ஆக இருந்த கேடுகள், வீட்டை எண்ணியவர்களிடையே 9.3 ஆயின. மரணம், மூளைக்கு ஊறு, எலும்பு முறிவு முதலிய பலவற்றையும் சேர்த்தெண்ணிய கணக்கு இது. தலைச்சன் பெண்களில் 100-க்கு 45 பேர் பிரசவத்தின்போதோ அதன் பின்னரோ வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டனர். முன்பே பெற்றவர்களில் 12 பேர். ஆனால் வீட்டை எண்ணியவர்களிடையே சிசேரியனும், ஆயுதம் போட்டு எடுத்தலும் வெகுவாகக் குறைந்திருந்தன.

ஆஸ்திரேலியாவிலும் ஒரு கணக்கு உண்டு. அங்கே சில சர்க்கார் ஆஸ்பத்திரிகள் தம் சொந்த மருத்துவச்சிகளை வீட்டுக்கு அனுப்பும் திட்டங்களை நடத்துகின்றன. 2005 முதல் 2010 வரை அத்திட்டங்களில் வலி தொடங்கும்போது வீட்டிலேயே பெற எண்ணியிருந்த 1,807 பெண்களில் 1,521 பேர் அவ்வாறே பெற்றனர். சிசேரியன் நூற்றுக்கு 5.4 மட்டுமே. மரணம் போன்ற அரிய நிகழ்ச்சிகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்த எண்ணிக்கை போதாது. மேலும் இத்திட்டங்கள் ஆபத்துக் குறைந்த பெண்களை மட்டுமே பொறுக்கி எடுத்துக்கொள்பவை. அவற்றின் மருத்துவச்சிகளுக்கு ஆஸ்பத்திரியே, அதாவது சர்க்காரே ஜாமீன். இந்தக் கடைசி வாக்கியத்தை அங்கத்தினர்கள் நினைவில் வைத்திருக்கக் கோருகிறோம்.

மறுபக்கத்தில் துயரமான ஒரு தஸ்தாவேஜும் உண்டு. தென் ஆஸ்திரேலிய மாகாணத்தில் வீட்டுப் பிரசவத்தில் உயிரிழந்த மூன்று குழந்தைகளைப் பற்றி விசாரித்த மரண விசாரணை அதிகாரி 2012-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆபத்து மிகுந்தவை என்று சொல்லத்தக்க பிரசவங்கள் அவை. பதிவேட்டிலிருந்து தம் பெயரை விலக்கிக்கொண்ட ஒருவர் மருத்துவச்சியின் வேலையைச் செய்துவந்தமையும் அதில் வெளிப்பட்டது. மறு ஆண்டு, பதிவு பெறாத எவரும் அவ்வேலையைச் செய்யலாகாது என்று அம்மாகாணம் சட்டம் இயற்றியது. வீட்டில் பெறும் எல்லாப் பிரசவமும் ஒரே வகைப்பட்டதல்ல என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. மகப்பேற்று டாக்டர்களின் கல்லூரி வீட்டுப் பிரசவத்தை ஆதரிப்பதில்லை. ஆயினும், தகுந்த பெண்ணுக்கு, தகுந்த மருத்துவச்சியோடு, ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருக்கும்போது அது பைத்தியக்காரத்தனம் என்று எவரும் கூறுவதற்கில்லை. அந்த அளவில் அது ஒரு வயது வந்த பெண் எடைபோட்டுப் பார்த்துத் தானே தீர்மானிக்க வேண்டிய காரியம்.

ஆனால் அவள் தீர்மானித்தால் மட்டும் போதவில்லை.

இருநூறு பேரின் நிதி

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம் எச்.ஐ.எச். என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆஸ்திரேலியாவில் வீழ்ந்தது. நஷ்டம் 500 கோடி டாலருக்கு மேல். அந்நாட்டு வியாபார சரித்திரத்தில் அதற்குமுன் அத்தகைய வீழ்ச்சி நடந்ததில்லை. அதே ஆண்டு நவம்பரில், 1979-இல் ஆயுதப் பிரசவத்தில் ஊறுபட்டு மூளைவாதத்துடன் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு கோடியே நாற்பது இலட்சம் டாலர் அளவில் நஷ்டஈடு தருமாறு நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் அப்பீலில் தொகை குறைக்கப்பட்டது. பிரதிவாதி ஒரு டாக்டர், மருத்துவச்சி அல்லர். எனினும் பிரசவம் சம்பந்தமான இன்ஷூரன்ஸ் எத்தகைய சுமை என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது. இன்று நடக்கும் பிரசவத்துக்கு இருபது, இருபத்திரண்டு ஆண்டு கழித்து வழக்கு வரலாம். இன்று வசூலிக்கும் பிரீமியம் அன்றைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும்.

தனி மருத்துவச்சிகளுக்குக் கிடைத்துவந்த இன்ஷூரன்ஸ் அந்த 2001-ஆம் ஆண்டே நின்றுபோயிற்று. அவர்கள் பிழை செய்தனர் என்பதற்காக அன்று. அவர்கள் மிகச் சிலர் என்பதே காரணம். நாடு முழுவதும் வீட்டுப் பிரசவம் பார்த்தவர்கள் சில நூறு பேர்தாம். பேச்சுக்கு இருநூறு என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன ஒரு கோடியே நாற்பது இலட்சத்தை இருநூறால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 70,000 டாலர். இருநூறு பேர் சேர்ந்த நிதியில் அத்தகைய வழக்கு ஒன்றே ஒன்று வந்தாலும் ஒவ்வொருவர் தலையிலும் விழும் பாரம் அது. ஒரு பிரசவத்துக்குச் சில ஆயிரம் டாலர் பெறும் தொழிலாளி அதனைச் சுமப்பதெங்ஙனம்? முப்பது தறிக்காரர் மட்டும் உள்ள சங்கத்தில் ஒருவர் வீடு எரிந்தால் சேம நிதியே காலியாகும் என்பதை நாம் அறிவோம். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதே கணக்கைத்தான் போட்டது.

அடுத்த ஆண்டு டாக்டர்களுக்கும் அதே கதி வந்தது. யுனைடெட் மெடிக்கல் புரொடெக்ஷன் என்பது டாக்டர்கள் தமக்குள் கூடி அமைத்துக்கொண்ட பரஸ்பர உதவி ஸ்தாபனம். அத்தேசத்து டாக்டர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதில் அங்கத்தினர். 2002-இல் அது தற்காலிகமாகக் கலைப்பு அதிகாரியின் கைக்குச் சென்றது. மத்திய சர்க்கார் உடனே தலையிட்டு, ஜாமீன் அளித்து, பிரீமியத்துக்கும் உதவி செய்து அதனைக் காப்பாற்றிற்று. இது சரியே, டாக்டர்கள் இல்லாமல் தேசம் நடவாது. ஆனால் அதே வேளையில் மருத்துவச்சிகளுக்கு எவரும் கை கொடுக்கவில்லை. பெரிய சங்கம் விழுந்தால் தேசத்துக்குக் கேட்கும். சிறிய சங்கம் விழும் ஓசை பக்கத்து வீட்டுக்கும் கேட்பதில்லை.

அதன்பின் சிலர் தொழிலை விட்டனர். சிலர் இன்ஷூரன்ஸ் இல்லாமலே நடத்தினர். வந்தது 2009. அதுவரை ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே வைத்திருந்த வைத்தியத் தொழிற் பதிவேடுகளை ஒன்றாக்கும் தேசியச் சட்டம் தயாராயிற்று. இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்குப் பதிவு இல்லை என்பது அதன் விதிகளுள் ஒன்று. விதி நல்ல விதி. தொழிலாளியின் பிழையால் குழந்தைக்கு ஊறு நேர்ந்தால், அதன் ஆயுட்காலப் பராமரிப்புக்கு எங்கேனும் பணம் இருக்க வேண்டுமல்லவா? ஆனால் வாங்கக் கடையில் சரக்கே இல்லாதபோது, வாங்கியே தீரவேண்டும் என்றால் என்ன பொருள்? வீட்டுப் பிரசவத்தைத் தடை செய்கிறோம் என்று எந்த மந்திரியும் சொல்லவில்லை. சட்டத்தில் அப்படியொரு வரியும் இல்லை. பதிவு பெற்ற மருத்துவச்சி வீட்டுக்கு வருவது மட்டும் சட்ட விரோதமாகிவிடும்.

அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி கான்பெரா நகரில் பார்லிமெண்டு மாளிகை முன் ஆயிரக்கணக்கானோர் கூடினர். கைக்குழந்தைகளுடன் தாய்மார்கள் தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்திருந்தனர். அப்போது சுகாதார மந்திரியாயிருந்தவர் நிக்கோலா ராக்சன். அந்த மாதத்திலேயே, வீட்டுப் பிரசவத்துக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் விதியிலிருந்து 2012 ஜூன் வரை விலக்கு என்று சுகாதார மந்திரிகள் ஒப்புக்கொண்டனர். இந்த விலக்கு பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2025 வரை வந்தது. தற்காலிகப் பந்தல் பதினைந்து ஆண்டு நின்றது.

விலக்கின் நிபந்தனை ஒன்றை மட்டும் எடுத்துக் கூறுவோம். மருத்துவச்சி தம்மிடம் வரும் பெண்ணுக்கு, இந்தப் பிரசவத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதனைப் படித்த பின் அவள் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும். ஆக, மருத்துவச்சிக்கு ஜாமீன் யார்? அந்தத் தாயே. ஏதேனும் நேர்ந்தால் தன் குழந்தைக்குத் தானே கதி என்று அவள் கையெழுத்திட்டாள். ஒரு தேசம் பகிர்ந்துகொள்ள மறுத்த பாரத்தை ஒரு குடும்பத்தின் தலையில் இறக்கி வைப்பதைச் சுதந்திரம் என்று அழைப்பதற்கு நமக்கு நா எழவில்லை.

2010-இல் சர்க்கார் பாதி வழி வந்தது. தகுதி பெற்ற தனி மருத்துவச்சிகளுக்குச் சர்க்கார் துணையுடன் இன்ஷூரன்ஸ் ஏற்பாடாயிற்று. ஒரு வழக்கில் நஷ்டம் ஓர் இலட்சம் டாலருக்கு மேற்போனால் அந்த மேற்பகுதியில் 80 சதவிகிதத்தைச் சர்க்கார் ஏற்கும். இருபது இலட்சத்துக்கு மேற்பட்டால் மிகுதி முழுவதையும் ஏற்கும். அவ்வாண்டு நவம்பர் முதல் தேதியிலிருந்து அவர்களுடைய கர்ப்பகால, பிரசவத்துக்குப் பிந்திய பரிசோதனைகளுக்கு மெடிகேர் உதவியும் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கும் பிரசவத்துக்கும் உண்டு. வீட்டில் பார்க்கும் பிரசவத்துக்கு மட்டும் இரண்டும் இல்லை. பெண்ணை ஒன்பது மாதம் பார்த்தால் இன்ஷூரன்ஸ், பிறகு ஆறு வாரம் பார்த்தால் இன்ஷூரன்ஸ், இடையில் அந்த ஓர் இரவுக்கு இல்லை!

எண்பது பேரின் முயற்சி

தமக்குத் தாமே நிதி அமைத்துக்கொள்ளலாகாதோ என்று நம் அங்கத்தினர்கள் கேட்பர். கூட்டுறவாளர்க்கு இயல்பான கேள்வி. அதனை இங்கிலாந்தின் தனி மருத்துவச்சிகள் செய்து பார்த்தனர். அங்கும் 2014-இல் இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. சுமார் எண்பது பேர் தம் சங்கத்தின் மூலமாகத் தமக்கென ஓர் ஏற்பாட்டை அமைத்துக்கொண்டனர். 2017 ஜனவரியில் அத்தொழிலின் பதிவுச் சபை, பெரிய நஷ்டம் ஒன்று வந்தால் அந்த நிதி தாங்காது என்று கூறி அதனை ஏற்க மறுத்தது. நடுவே கர்ப்பிணிகள் பலர் தம் மருத்துவச்சியை இழக்க நேர்ந்தது. சபையின் போக்கில் கடுமை உண்டு. கணக்கில் பிழை உண்டென்று கூற முடியவில்லை. எண்பது பேரின் ஒற்றுமை பெரிதுதான். ஆனால் ஓர் ஆயுட்காலத்துப் பராமரிப்பை எண்பது பேரால் தாங்க இயலாது.

ஒரு தேசமே அங்கத்தினர்

இனி டாஸ்மன் கடலைத் தாண்டி நியூஸிலாந்துக்கு வருவோம். அங்கே 1967-இல் ஓவன் உட்ஹவுஸ் என்ற நீதிபதியின் தலைமையில் ஒரு கமிஷன் அறிக்கை தந்தது. விபத்தில் ஊறுபட்டவன் கோர்ட்டில் போராடி, எதிரியின் குற்றத்தை நிரூபித்தால்தான் ஈடு பெறலாம் என்ற முறை வீணானது, குருட்டுத்தனமானது என்பது அதன் கருத்து. ஊறுபட்டவரைத் தாங்குவது சமுதாயத்தின் பொறுப்பு என்பதை அது முதற்கொள்கையாக வைத்தது. 1974 ஏப்ரல் முதல் தேதி அத்திட்டம் அமலுக்கு வந்தது. முதலாளிகள் ஒரு லெவி தருகின்றனர். சம்பாதிப்போர் ஒரு லெவி தருகின்றனர். மோட்டார் வைத்திருப்போர் ஒன்று. சம்பாதிக்காதோருக்காகச் சர்க்கார் வரிப்பணத்திலிருந்து தருகிறது. பால் பண்ணைக்காரரும் தச்சரும் பள்ளி ஆசிரியரும் போடும் அந்தப் பொதுநிதியிலிருந்து, வைத்தியத்தால் ஊறுபட்டவருக்கும் ஈடு கிடைக்கிறது. அதற்குப் பதிலாக, அவ்வாறு ஈடு கிடைக்கும் உடல் ஊறுகளுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரும் உரிமை எடுபட்டது.

மருத்துவச்சிகளை எண்ணி எவரும் இதனைச் செய்யவில்லை. சாலை விபத்தும் தொழிற்சாலை விபத்துமே கமிஷனின் கண்முன் இருந்தவை. ஆனால் பதினாறு ஆண்டு கழித்து அதன் பலன் பிரசவ அறையில் தெரிந்தது.

அந்நாட்டிலும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச்சியின் சுதந்திரத்தைப் பறித்திருந்தது. எந்தப் பிரசவத்துக்கும் ஒரு டாக்டர் பொறுப்பேற்க வேண்டும் என்றாயிற்று. வீட்டுக்குச் சென்று பார்க்கும் மருத்துவச்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர். அவர்களுள் ஒருவரான ஜோன் டான்லி, தம் தொழிலின் கதையை 1986-இல் நூலாக எழுதி வெளியிட்டார். வீட்டுப் பிரசவச் சங்கங்களின் தாய்மார்களும் மருத்துவச்சிகளும் சேர்ந்து கிளர்ச்சி செய்தனர். தொழிலாளியும் அவருடைய உழைப்பை நாடுவோரும் ஒரே பாயில் அமர்ந்து நடத்திய கிளர்ச்சி என்பதால் கூட்டுறவாளர் இதனைக் கவனிப்பது நன்று. 1990-இல் சுகாதார மந்திரி ஹெலன் கிளார்க் கொண்டுவந்த திருத்தச் சட்டம், டாக்டர் இன்றியே தம் பொறுப்பில் பிரசவம் பார்க்கும் உரிமையை மருத்துவச்சிகளுக்கு மீட்டளித்தது. அதே வேலைக்கு டாக்டருக்கு என்ன கட்டணமோ அதே கட்டணம் சர்க்கார் நிதியிலிருந்து அவர்களுக்கும் கிடைத்தது. இந்த ஹெலன் கிளார்க்தான் பின்னர் 1999 முதல் 2008 வரை பிரதம மந்திரியாயிருந்தவர்.

1996 முதல் அங்கே ஒவ்வொரு கர்ப்பிணியும் தனக்கென ஒரு தலைமைப் பராமரிப்பாளரைத் தேர்ந்துகொள்கிறாள். மருத்துவச்சியாகவும் இருக்கலாம், டாக்டராகவும் இருக்கலாம். மிகப் பெரும்பாலோர் மருத்துவச்சியைத் தேர்கின்றனர். அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டிலா, சிறு விடுதியிலா, ஆஸ்பத்திரியிலா என்பதையும் அவளே சொல்கிறாள். எங்கே சென்றாலும் அதே மருத்துவச்சி கூட வரலாம். இத்தனை வசதியிருந்தும் வீட்டில் பெறுவோர் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தாம். கதவைத் திறந்து வைத்தால் ஊர் முழுவதும் ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவிடும் என்று அஞ்சியவர்கள் இதனைக் காண்பார்களாக.

அங்கே மருத்துவச்சிகளின் இன்ஷூரன்ஸ் தங்கள் கல்லூரியின் அங்கத்தினர் சந்தாவோடு சேர்ந்தே வருகிறது. விசாரணை வந்தால் வக்கீல் செலவு முதலியவற்றுக்கு அது உதவும். ஊறுபட்ட குழந்தையின் ஆயுட்காலச் செலவு என்ற மலை அதன்மேல் ஏறுவதில்லை. அது தேசத்தின் நிதியைச் சேர்ந்தது. அதனால்தான் சில நூறு பேரின் தொழில் அங்கே கணக்கால் கொல்லப்படவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வைத்தியப் பிழையின்றி இயல்பாகவே பிரசவத்தில் தாய்க்கு நேரும் கிழிசல் முதலிய ஊறுகளுக்கு நெடுங்காலம் அந்த நிதி ஈடு தரவில்லை. மரத்திலிருந்து விழுந்தவனுக்கு உண்டு, பிள்ளை பெற்றவளுக்கு இல்லை என்ற அந்த அநீதி 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒரு பகுதி நீங்கியது. 1990-க்குப் பின் குடும்ப டாக்டர்கள் பலர் பிரசவத் தொழிலையே விட்டுவிட்டமையால், டாக்டரை விரும்பும் பெண்ணுக்குத் தேர்வு குறுகிவிட்டது. மருத்துவச்சிகளின் ஊதியமும் வேலைக்கேற்றதாக இல்லை; 2015-இல் அவர்களுடைய கல்லூரி சர்க்காருக்கு எதிராகக் கோர்ட்டுக்கே சென்றது. இரவு பகல் பாராமல் அழைப்புக்குக் காத்திருக்கும் இந்தத் தொழிலில் ஆள் பற்றாக்குறையும் உண்டு. சட்டமும் நிதியும் வழி திறந்து வைத்தாலும், நடந்து வர ஆள் வேண்டுமே.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். அதே உட்ஹவுஸ் நீதிபதியைத் தம் நாட்டுக்கும் ஒரு திட்டம் வகுக்குமாறு ஆஸ்திரேலிய சர்க்கார் அழைத்திருந்தது. அவர் தலைமையிலான குழு 1974-இல் அறிக்கை தந்தது; மசோதாவும் பார்லிமெண்டுக்கு வந்தது. 1975 நவம்பரில் விட்லம் மந்திரிசபை கவர்னர் ஜெனரலால் நீக்கப்பட்டபோது அதுவும் மறைந்தது. அன்று அது நிறைவேறியிருந்தால், 2001-இல் அந்த மருத்துவச்சிகள் ஜாமீன் தேடி அலைந்திருக்க மாட்டார்கள் என்பது நம் கருத்து.

ஆஸ்திரேலியா இப்போது வேறு வழியில் அதே இடத்துக்கு அருகில் வந்திருக்கிறது. தனி மருத்துவச்சி மெடிகேர் உதவி பெற வேண்டுமானால் டாக்டரோடு முறையான ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2024 நவம்பரில் நீக்கப்பட்டது. சர்க்கார் துணை நிற்கும் இன்ஷூரன்ஸ், 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து ஆபத்துக் குறைந்த வீட்டுப் பிரசவங்களுக்கும் விரியும் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுக்கு முன் போன பாதுகாப்பு ஒரு பகுதி திரும்பி வந்ததென்று கொள்ளலாம்.

ஒரு பகுதி என்று நாம் எழுதியதற்குக் காரணம், ஆபத்துக் குறைந்த என்ற அடைமொழியே. இரட்டைப் பிள்ளை சுமப்பவள், முன்பு சிசேரியன் ஆனவள் போன்றோர் அந்த வரம்புக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் மனம் புண்பட்டு வீட்டை நாடுவோரில் இவர்களும் பலர். நியூஸிலாந்தில் இத்தகைய பெண்ணை ஸ்பெஷலிஸ்ட் டாக்டரிடம் காட்டுமாறு மருத்துவச்சி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்பதும் கேளாததும் அவள் முடிவு. எப்படி முடிவு செய்தாலும், வைத்தியத்தால் ஊறு நேர்ந்துவிட்டால் அந்தத் தேச நிதி, பிரசவம் எந்த வகைப்பட்டது, எங்கே நடந்தது என்று பார்த்து ஈட்டை மறுப்பதில்லை.